குடம், பெட்டி, கொட்டாங்கச்சி: எழுதப்படாத ஒரு தந்தி வாத்திய வரலாறு

தீப்பெட்டியின் அடிப்பெட்டியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிச் சுண்டினால் சத்தம் வரும். அதே ரப்பரை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துச் சுண்டினால் அவ்வளவாக வராது. கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வீடு முழுக்கப் பெட்டியாகக் கிடந்தால் தானாகத் தெரிந்துவிடுகிறது. இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று பெயர். ஆபீசிலிருந்து தாளும் அட்டையும் வீட்டுக்கு வரும். ஒட்டிய பெட்டி குரோஸ் கணக்கில் திரும்பிப் போகும். ஒரு குரோஸ் 144 பெட்டி. என் அம்மா வயதுப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய வயதில் இந்த 144-ஐத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கணக்கில் கழிந்த கோணல் பெட்டிதான் பிள்ளைகளின் கைக்கு வந்தது. அதில் ரப்பரைக் கட்டி 'டொய்ங்' என்று சுண்டினால் பெரியவர்கள் வைவார்கள். அது வாத்தியம் இல்லை, விளையாட்டுச் சாமான். வேலை நேரத்து விளையாட்டு வேறு.

எது வாத்தியம், எது விளையாட்டுச் சாமான் என்று பிரிக்கிற இந்தக் கோடு எங்கே, யாரால் போடப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் இதே கோட்டின் மறுபக்கம் நின்ற ஒரு சாமான் உண்டு: சுருட்டுப் பெட்டி கிதார். காலியான மரப்பெட்டி, அதன் ஊடே ஒரு குச்சி, இரண்டு மூன்று தந்தி. இன்று அது ஓய்வுநேரத் தச்சுவேலையாகிவிட்டது. செய்வதற்கான சாமான்களைத் தொகுப்பாகக் கட்டி விற்கிறார்கள். ஆனால் அது பிறந்த இடம் ஓய்வுநேரம் அல்ல. 1860களில் அமெரிக்க அரசு சுருட்டுக்கு வரி போட்டது. வரி முத்திரை ஒட்டவேண்டும் என்றால் ஒட்டுவதற்குப் பெட்டி வேண்டும். ஆகவே சுருட்டைப் பெட்டியில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒருமுறை பயன்படுத்திய பெட்டியில் மறுபடி சுருட்டு அடைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பெட்டியிலேயே அச்சாகியிருந்தது. விளைவு, நல்ல மெல்லிய மரத்தில் செய்த காலிப்பெட்டி வீட்டுக்கு வீடு குவிந்தது. உள்நாட்டுப் போர் முகாமில் ஒரு படைவீரன் சுருட்டுப் பெட்டிப் பிடில் வாசிக்கிறான். எட்வின் ஃபோர்ப்ஸ் 1876-இல் பதித்த சித்திரத்தில் இதைப் பார்க்கலாம்.

நம் தீப்பெட்டிக்கும் இதே கதை. 1934-ஆம் ஆண்டுத் தீப்பெட்டித் தீர்வைச் சட்டத்துக்குப் பின் ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'பேண்ட்ரோல்' என்ற வரிச்சீட்டு ஒட்டவேண்டியிருந்தது. அரசாங்கத்துக்கு வரி எண்ணப் பெட்டி தேவைப்படுகிறது. பெட்டி காலியானதும் அரசாங்கம் அதை மறந்துவிடுகிறது. மறந்துபோன அந்தப் பெட்டியில்தான் தந்தி ஏறுகிறது.

சுருட்டு நம்முடையது என்பதை இங்கே ஓரமாகச் சொல்லிவைக்கலாம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே 'சுருட்டு' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு உற்பத்தி செய்தது. ஆனால் நம் ஊர் பெட்டிக்கடையில் சுருட்டு கட்டாகவோ உதிரியாகவோதான் கிடைத்தது. மரப்பெட்டி கப்பலேறிப் போகிற சுருட்டுக்கு. உள்ளூர்க் கிழவனுக்கு மடியில் செருகிக்கொள்ள ஒரு சுருட்டு போதும். சொல்லும் புகையிலையும் நம்முடையதாக இருந்தும் பெட்டி நம் கைக்கு மிஞ்சவில்லை.

அமெரிக்கக் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ நதிக்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், பறையடித்துக்கொண்டே போனார்கள். மறு ஆண்டு வந்த சட்டம் அடிமைகள் பறையும் கொம்பும் வைத்துக்கொள்வதைத் தடைசெய்தது. பறை என்பது ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் என்று எஜமானர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து நினைவில் மட்டும் கொண்டுவந்த சுரைக்குடுக்கைத் தந்தி வாத்தியம் பாஞ்சோவாக வளர்ந்தது. துடைப்பக் கம்பியை உருவி வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, கீழே ஒரு பாட்டிலைச் செருகி, இன்னொரு பாட்டிலால் தேய்த்து வாசிக்கும் ஒற்றைத் தந்தியும் தெற்கத்திக் கறுப்பர் வீடுகளில் இருந்தது. அங்கே வீடே பெட்டி. பிக் பில் புரூன்சி, லைட்னின் ஹாப்கின்ஸ் போன்ற ப்ளூஸ் கலைஞர்களின் பால்யம் சுருட்டுப் பெட்டியில்தான் தொடங்கியது. இதே சாமான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டேனியல் பியர்ட் எழுதிய சிறுவர் கைவேலைப் புத்தகத்துக்குள் 'ஈனோஸ் மாமா பாஞ்சோ' என்ற பெயரில் படம் போட்டு வந்து சேர்ந்தது. பியர்ட் பின்னாளில் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கடையில் கிதார் வாங்க முடியாதவன் செய்தது, வாங்க முடிந்தவன் வீட்டுப் பையனுக்குப் பொழுதுபோக்கானது. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லுக்குள்ளேயே போக்குவதற்குப் பொழுது வைத்திருப்பவன் உட்கார்ந்திருக்கிறான்.

இதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. அங்கே பறையைப் பிடுங்கினார்கள். இங்கே ஒரு சாதியின் கையில் பறையைத் திணித்து, சாவுக்கும் கோயிலுக்கும் அடிப்பதைக் கட்டாயச் சேவகமாக்கினார்கள். தந்திப் பக்கம் அந்தக் கை வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

சங்க இலக்கியத்தில் ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கோடு இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கிறவன் ஒருவன் வருகிறான். தீக்கடைகோலின் கங்கால் மூங்கிலில் துளைபோட்டுக் குழல் செய்து பாலைப்பண் ஊதுகிறான். அது சலித்துவிடுகிறது. உடனே குமிழமரத்தின் உள்ளே துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, ஒரு வில்யாழ் செய்துகொண்டு அதில் குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். கவனியுங்கள்: சலிப்பு, கையில் கிடைத்த கொம்பு, நார், ஒரு வாத்தியம். செய்தவனே வாசிக்கிறான். லெவி ஸ்ட்ராஸ் 1962-இல் 'பிரிகோலேர்' என்று பெயர் கொடுத்து விளக்கிய மனிதன் - திட்டம் போட்டுப் பொருள் தேடாமல், கிடைத்த பொருளிலிருந்து திட்டத்தைக் கண்டெடுக்கிறவன் - முல்லைநிலத்தில் ஆடு மாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். 1947-இல் விபுலாநந்தரின் 'யாழ் நூல்' வந்ததிலிருந்து யாழ் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி பண்களின் கணக்கு. வாத்தியத்தைத் தானே செய்துகொண்ட மேய்ப்பன் அந்தக் கணக்குகளின் முன்னுரையோடு நின்றுவிடுகிறான்.

மரல் என்பது இன்று நாம் மருள் என்கிற செடி. பயிர் ஏறாத மேட்டுநிலத்தில் வாள் வாளாக நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வில் எங்கும் போய்விடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வில்லுப்பாட்டில் இருக்கிறது. ஆளைவிட நீளமான வில், அதில் முறுக்கேற்றிய நாண், மணிகள், அடிக்க வீசுகோல். வில்லின் வயிறு ஒரு மண்குடத்தின் மேல் உட்காரும். குடத்தை எடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள், மணிச்சத்தம்தான் மிஞ்சும். தந்தி மெலிசு, அதனால் காற்றை அசைக்க முடியாது. அது தன் அதிர்வை அகலமான ஒரு பரப்புக்குக் கைமாற்ற வேண்டும். குடம், சுரைக்குடுக்கை, பெட்டி எல்லாமே அந்தக் கைமாற்றுதான். மொழிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பலாமரத்தில் குடைந்து, தந்தமும் யாளிமுகமும் வைத்து இழைத்த வீணையிலும் அந்த உருண்டைப் பாகத்துக்குப் பெயர் 'குடம்'தான். எவ்வளவு மேலே போனாலும் வேளார் தெருக் குயவர் வனைந்த பெயரை வீணையால் உதற முடியவில்லை.

கழுகுமலைக்கு வருவோம். மலையில் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்த வெட்டுவான்கோயில், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை, முடிக்காமல் விட்டது. அதன் விமானத்தில் தட்சிணாமூர்த்தி வீணையோடு இல்லை, மிருதங்கம் வாசிக்கிறார். கல்தச்சன் ஏன் அப்படிச் செதுக்கினான் என்று பல விளக்கம் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது அவன் வீணை செதுக்காமல் விட்டது.

மலைக்குக் கீழே ஊர் எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. நம் இசை வரலாற்று நூல்களில் எட்டயபுரம் பெரிய பெயர். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் அங்கேதான் மறைந்தார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்; எட்டயபுரம் அரண்மனை வித்வானாக இருந்தார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சானது. ஆக, வில்போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியம் கரிசல்காட்டுக்கு அரண்மனை வாசல் வழியாக வந்தது என்பது வரலாறு. மறுப்பதற்கில்லை. ஆனால் அரண்மனைக்கு வெளியே திருவிழாக் கடைகளில் கொட்டாங்கச்சியில் தாளோ தோலோ ஒட்டி, மூங்கில் குச்சியைச் செருகி, கம்பி கட்டி, வில் போட்டு வாசித்தார்களே, அது எந்த வாசல் வழியாக வந்தது? ராஜஸ்தானத்தில் போபாக்கள் வாசிக்கும் ராவணஹத்தாவுக்கும் உடம்பு தேங்காய்ச் சிரட்டைதான். அதை நாட்டார் வாத்தியம் என்று அருங்காட்சியகத்தில் வைக்கிறோம். நம் கொட்டாங்கச்சி வயலினைப் பலூன், ஊதல், கிலுகிலுப்பையோடு சேர்த்து வைக்கிறோம்.

பங்குனி உத்திரத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். விற்கிறவர் நடந்துகொண்டே முழு சினிமாப் பாட்டையும் வாசிப்பார்; சரணத்தில் குரல் இழைவதுகூட வரும். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நமக்குக் கிறீச் என்பதைத் தவிர ஒன்றும் வராது. ஏமாற்றிவிட்டான் என்று சொல்வோம். அவர் நம்மிடம் விற்றது முழு வாத்தியம். விற்காதது அவருடைய பல வருஷத்துக் கை. மேடையில் ஒரு வித்வானிடம் வயலினை வாங்கி நாம் வாசித்துக் கிறீச்சிட்டால் வித்வானையா குறை சொல்வோம்?

ஊர்த்தெருவில் எந்தச் சத்தம் போகலாம் என்பது இங்கே உயிர்போகிற விஷயமாக இருந்திருக்கிறது. 1895-இல் கழுகுமலைத் தேர்வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா என்ற தகராறு பங்குனித் திருவிழாவில் கலவரமாக வெடித்து ஆட்கள் செத்தார்கள். ஊர்வலம் என்றால் ஆட்கள் மட்டுமில்லை, மேளமும்தான். அதற்குச் சில வருஷம் முன்னால் இதே கழுகுமலை முருகன்மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியிருந்தார். அவர் 1891-இல் சிறுவயதிலேயே போய்விட்டார். காவடி தூக்கி நடக்கிறவர்களின் கால்மெட்டு அது. இன்று கச்சேரிக் கடைசியில் துக்கடாவாகப் பாடுகிறார்கள், சபையும் தலையாட்டுகிறது. பாட்டு மேடை ஏறிவிட்டது. அதன் மெட்டை வாசித்த கொட்டாங்கச்சி ஏறவில்லை. பாட்டை அது பிறந்த உடம்பிலிருந்து கழற்றி எடுத்துக்கொள்ள முடிகிறது. வாத்தியத்தை அப்படி எடுக்க முடியாது, செய்த கையின் அழுக்கும் சேர்ந்தே வரும்.

செய்த கை என்று சொன்னதும் வீணையிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் வயலினுக்கு ஸ்ட்ராடிவாரி என்று செய்தவன் பெயர் நிற்கிறது. நம் வீணை 'தஞ்சாவூர் வீணை'. 2013-இல் புவிசார் குறியீடும் ஊர்ப் பெயருக்கே கிடைத்தது. இன்னொரு பெயர் 'ரகுநாத வீணை'. 24 மெட்டுகளை நிலையாகப் பதித்து வீணைக்கு இன்றைய வடிவம் கொடுத்தது 17-ஆம் நூற்றாண்டு ரகுநாத நாயக்கர் காலம். புகழில் பங்கு அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதருக்கும் உண்டு. மன்னருக்கு உண்டு, மந்திரிக்கு உண்டு. மெழுகைக் காய்ச்சி, மெட்டைப் பதித்து, காதை வைத்து நகர்த்தி நகர்த்திச் சுருதி பார்த்த ஆசாரிக்கு? அவர் காது இல்லாமல் அந்த 24-உம் ஓரிடத்திலும் நின்றிருக்காது. சாதியச் சமூகம் வாத்தியத்தை இரண்டாக அறுத்து வைத்திருக்கிறது. செய்கிற கைக்கு இசை தெரியாது என்று வைத்துக்கொண்டது. வாசிக்கிற கைக்கு உளி தெரிய வேண்டியதில்லை என்றும் வைத்துக்கொண்டது. சுருட்டுப் பெட்டி கிதாரை நான் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளாமல் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இதுதான். அது இந்த இரண்டு கையையும் ஒரே உடம்பில் சேர்க்கிறது.

எழுதினால் மட்டும் போதாது என்று ஒன்று செய்தும் பார்த்தேன். சுருட்டுப் பெட்டிக்கு எங்கே போக? அப்பத்தாவின் மர அஞ்சறைப் பெட்டி பரணில் கிடந்தது. உள்தடுப்புகளைக் கழற்றினால் பெட்டி. "அதுல கை வச்சா தெரியும்" என்றாள் அம்மா. வைத்துவிட்டேன். எங்கள் தெருக்கடைசியில் மரப்பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கதவும் நிலையும் செய்கிறவர். பெட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தார். "சீரக வாசம் இன்னும் போகல தம்பி. இதுல என்னத்த வாசிக்கப் போறீக?"

வேலை பெரிய வேலை இல்லை. பழைய தேக்கு நிலையில் அறுத்த சட்டம் ஒன்று, 90 செ.மீ. நீளம். அது பெட்டியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரவேண்டும். தந்தியின் இழுப்பு முழுவதையும் சட்டம்தான் தாங்குகிறது, பெட்டி தாங்குவதில்லை. அதனால்தான் எவ்வளவு நோஞ்சான் பெட்டியும் இதற்குப் போதும். மூடி மட்டும் அதிரவேண்டும். ஆகவே மூடிக்குக் கீழே சட்டத்தைக் கொஞ்சம் செதுக்கி இடைவெளி விட்டோம், சட்டம் மூடியைத் தொட்டால் சத்தம் செத்துவிடும். மூடி கனமாக இருந்தது. அண்ணாச்சி இழைப்புளி போட்டு 3 மி.மீ. வரை இறக்கினார். ஒவ்வொரு முறை இழைத்ததும் விரல் கணுவால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். இதை நான் சொல்லித்தரவில்லை. மேருவுக்கும் குதிரைக்கும் கொட்டாங்கச்சித் துண்டு. பிருடைக்குப் பதில் கிதார் முறுக்காணி மூன்று, கடையில் வாங்கியது. மூன்று தந்தி: ச, ப, மேல் ச. அமெரிக்கக் கறுப்பர்களும் பெரும்பாலும் இப்படித் திறந்த சுருதியில்தான் வைத்துத் தேய்த்தார்கள். நமக்கு இது தம்பூராவின் வீட்டுச் சுருதி.

மெட்டு பதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தோம். மேருவிலிருந்து குதிரை வரை 63.5 செ.மீ. கிதார்க் கணக்குப்படி மொத்த நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டு, மீதியை மறுபடி வகுத்தால் அடுத்தது. இப்படிப் போனால் பஞ்சமம் 21.12 செ.மீ.-இல் விழுகிறது. தந்தியை மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் வரும் இயற்கைப் பஞ்சமம் 21.17. அரை மில்லிமீட்டர், காதுக்கு எட்டாது. அந்தர காந்தாரம் அப்படி இல்லை. கிதார்க் கணக்கு 13.10 என்கிறது, தந்தியின் ஐந்தில் ஒரு பங்கு 12.70. நாலு மில்லிமீட்டர் வித்தியாசம், கண்ணுக்கே தெரியும். பன்னிரண்டு சுரத்தையும் சமமாகப் பங்கு போட்ட ஐரோப்பியக் கணக்குக்கு இந்த நாலு மில்லிமீட்டர்தான் விலை. மெட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டு, கோட்டுவாத்தியத்தில் செய்வதுபோலத் தேய்த்து வாசிக்கலாம் என்று முடிவுசெய்தேன். தேய்க்க ஊசிமருந்துக் குப்பி ஒன்று. இடம் தெரிவதற்காகச் சட்டத்தின்மேல் கிதார்க் கணக்குப்படி பென்சில் கோடு மட்டும் போட்டு வைத்தேன்.

முதலில் தேய்த்தபோது சத்தம் சின்னதாக, மூக்கால் பேசுவதுபோல வந்தது. அழகான சத்தம் என்று சொல்லமாட்டேன். தந்தி அதிர அதிர மூடியிலிருந்து மஞ்சள்பொடி கொஞ்சம் உதிர்ந்தது. அண்ணாச்சி வாங்கி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். கீழ்ச் சட்ஜத்தை ஒரு விரலால் சுண்டிவிட்டு, குப்பியை ஒவ்வொரு கோடாக நகர்த்திக்கொண்டே போனார். காந்தாரத்துக்கு வந்ததும் நின்றார். மறுபடி சுண்டினார். குப்பியை இம்மியளவு பின்னால் இழுத்தார். இரண்டு தந்தியும் சேர்ந்து அமைதியானது எனக்கும் கேட்டது.

"கோடு தப்பா போட்டிருக்கீக தம்பி" என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் வேறொரு கோடு போட்டார். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். 12.7.